நூறு கிராமுக்கு

மாதிரி 217/அ: செத்தல் மிளகாய், காம்பு நீக்கியது.
மாதிரி 217/ஆ: கச்சான் விழுது, சீனி சேராதது.
நாரஹேன்பிட்டியில் மூன்றாம் மாடி.
ஏசி எட்டாத மூலை என்னுடையது.

செத்தலை இடித்ததும்
பக்கத்து மேசைச் சமிலா மூன்று தரம் தும்மினாள்.
நான் தும்மவில்லை.
பன்னிரண்டு வருடத்தில்
மூக்கும் உத்தியோகத்துக்குப் பழகிவிடும்.

விழுது அப்படியல்ல. கரண்டியை விடாது.
ஒரு கிராம் கேட்டால்
ஒன்றரைக் கிராம் வந்து
தராசில் சப்பணமிட்டு உட்காரும்.

புரதம்: செத்தலில் பத்தரை, கச்சானில் இருபத்து நாலு.
கொழுப்பு: ஆறு, ஐம்பது.
நார்ச்சத்து: இருபத்தெட்டு, ஆறு.
இரும்பில் செத்தல் முந்தியது.
விற்றமின் ஏ எழுத
செத்தலுக்குக் கட்டம் போதவில்லை;
கச்சானுக்கு ஒரு பூச்சியம்,
அவித்து உரித்த முட்டைபோல வழுவழுப்பாய்.

வெளியே வாங்கில் இரண்டு பேர்.
ஐந்தாம் குறுக்குத் தெரு முஃபாரிஸ்,
முழங்காலில் ஹெல்மெட்.
கொட்டாஞ்சேனை ஜெசிந்தா,
சமையலறையில் கிரைண்டர் வைத்துத் தொழில் தொடங்கியவள்.
ஒருவர் தாளை ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டார்கள்.

“அவங்கட விழுதுக்கு இருவத்தி நாலு,
என்ட செத்தலுக்குப் பத்தா மிஸ்?
குண்டூர்ச் சாமான், முதல் தரம்!”

“மிஸ், அந்தப் பூச்சியத்தப் போடாம விட ஏலாதா?
சனம் முதல்ல அதத்தான் பாக்கும்.”

படிவம் எல்லோரையும் நூறு கிராமில் நிறுத்துகிறது.
நூறு கிராம் செத்தலை எண்ணிப் பார்த்தேன்,
நூற்றுப் பதினாறு.
அதை ஒரே இருப்பில் தின்றவன்
இந்தக் கொழும்பில் இருந்தால்
அவனுக்குத் தேவை அறிக்கையல்ல,
அம்புலன்ஸ்.

இதை முஃபாரிஸுக்குச் சொன்னேன். சிரிக்கவில்லை.

காஸ் வரிசை நடந்த வருடம்
வீட்டில் நாலு பேருக்கு
ஆறு செத்தல், ஒரு வெங்காயம், உப்பு,
ஒரு இறாத்தல் பாண்.
இப்போது கணக்குப் போட்டால்
அந்த ஆறிலும் அரைக் கிராம் புரதம்.
நாலாய்ப் பிரித்தால்
“கண்டறியப்படவில்லை” என்று எழுதும் அளவு.
ஆனால் பாண் முடிந்தது.
வெறும் பாணை
தொண்டைக்குக் கீழே தள்ளிய அந்த விசைக்கு
எங்கள் படிவத்தில் கட்டம் இல்லை.

அதே வருடம் ஒரு சுப்பர்மார்க்கட்டில்
கச்சான் விழுதுப் போத்தலைக் கையில் எடுத்து
என் மகன் நின்றான்.
விலையைப் பார்த்த பிறகு
லேபிளை வாசிக்கத் தொடங்கினான்.
சிங்களத்தில், தமிழில், ஆங்கிலத்தில்,
திரும்பவும் சிங்களத்தில்.
புரதம் எவ்வளவு என்று அவன்தான் எனக்குச் சொன்னான்.
எனக்குத் தெரியும் என்று
நான் சொல்லவில்லை.

ஐந்நூற்றைம்பது பாகையில்
இரண்டையும் உலையில் வைத்தேன்.
சிவப்பும் போயிற்று, எண்ணெயும் போயிற்று.
பேரிலேயே செத்துப்போனதுதான்
கூடச் சாம்பல் விட்டது:
ஆறு வீதம். மற்றதில் மூன்று.
ஊதாமல், மூச்சை அடக்கி நிறுத்தேன்.
நிறுக்கும்போது எப்போதும் அப்படித்தான்,
கோயிலில்கூட நான் அவ்வளவு அமைதியாய் நின்றதில்லை.

நாலரைக்குக் கையொப்பம் வைத்துக் கொடுத்தேன்.
முஃபாரிஸ் நார்ச்சத்தைக் கொட்டையெழுத்தில் போடுவாராம்.
ஜெசிந்தா பூச்சியத்தோடே போகிறாள்.
படியிறங்கும்போது அவரிடம் விலை கேட்டாள்,
கிலோ எவ்வளவு,
காரமாய் ஒரு போத்தலும் போட்டுப் பார்க்கலாமா என்று.
பதில் எனக்குக் கேட்கவில்லை.
கீழே 103 பஸ் ஹோர்ன் அடித்தது.

அவள் மேலதிகமாய் விட்டுப்போன போத்தலைத் திறந்து
சமிலா கிம்புலா பணிஸில் பூசினாள்.
பொட்டலத்தில் மிஞ்சிய செத்தல் தூளை
நான் மேலே தூவினேன்.
எவ்வளவு என்று நிறுக்கவில்லை.

கரண்டியைக் கழுவ
மூன்று தரம் சுடுதண்ணீர் ஊற்றவேண்டி வந்தது.